யானைக்கால் உள்ள வீட்டுக்கு: அக்காவின் காலைக் கழுவிக் கற்றது

எங்கள் வீடு கடலூர் ஓ.டி. என்ற பழைய நகரத்தில், சாக்கடையை ஒட்டி. கோடை ராத்திரிகளில் முற்றத்தில் பாய் விரித்து அம்மா, அக்கா, சித்தப்பா, நான் எல்லோரும் வரிசையாகப் படுப்போம். கொசு யாரையும் விட்டுவைத்ததில்லை. அக்காவுக்குப் பதினேழு வயதில் தொடையிடுக்கில் நெறி கட்டிக் குளிர் ஜுரம் வந்தது. அப்புறம் வருஷத்துக்கு நாலைந்து முறை வந்தது. இருபத்தைந்து வயதில் இடது காலில் கொலுசு ஏறவில்லை. சித்தப்பாவுக்குக் கால் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து இருமுவார், மூச்சு இழுக்கும். பகலில் ஒன்றும் இருக்காது. எனக்கு எதுவுமே இல்லை.

1983இல் நான் ராத்திரி ரத்தம் எடுக்கும் வேலையில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். யானைக்கால் நோயைத் தரும் பைலேரியாப் புழுவின் குட்டிகள் பகலில் நுரையீரல் ரத்தக் குழாய்களில் ஒதுங்கிக்கொள்ளும், ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் தோலுக்கு அருகில் ஓடும் ரத்தத்துக்கு வரும். அதனால் நாங்களும் அந்த நேரத்தில்தான் வீடு வீடாகப் போவோம். விரலில் குத்திப் பழக என் விரலையே குத்தினேன். சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணுக்களைத் தள்ளிக்கொண்டு மூன்று குட்டிகள் நெளிகின்றன. மறுநாள் ராத்திரி அக்காவுக்கு எடுத்தேன். ஒன்றுகூட இல்லை. அடுத்த வாரமும் எடுத்தேன், இல்லை.

ஒரு நாள் ஜுரம்கூட இல்லாத என் ரத்தத்தில் புழு. கால் வீங்கிய அக்காவின் ரத்தத்தில் இல்லை. இது ஏன் என்று புரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆனது. புரிந்த பிறகுதான் அக்காவின் காலை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் தெளிவானது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், நான் கற்ற வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில், வீட்டாருக்குக் காரணத்தைச் சொல்லுங்கள்

கால் கழுவுவதற்கும் முன்னால் இதைச் செய்ய வேண்டும். காரணம் தெரியாத வீட்டில் தினமும் கால் கழுவும் பழக்கம் ஒரு மாதம்கூட நிற்காது.

நம் வெள்ளையணுக்களுக்குக் கண் கிடையாது. தொட்டுத்தான் தெரிந்துகொள்ளும். துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கும் அம்மாக்களைப் பார்த்திருப்பீர்கள். கூடைக்குள் கையை விட்டதுமே, குனிந்து பார்க்காமலே, இது சங்கரா, இது கவளை என்று சொல்லிவிடுவார்கள். வெள்ளையணுக்களின் மேற்புறத்திலும் அப்படிப்பட்ட கைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றுக்கு ஏற்பி என்று பெயர். ஒவ்வொரு வகை ஏற்பிக்கும் ஒரு வகைப் பொருள்தான் பிடிபடும். பிடிபட்டதும் செல்லுக்குள் செய்தி போகும், செல் வேலையைத் தொடங்கும்.

இவற்றில் டோல் ஏற்பிகள் என்று ஒரு குடும்பம். பழ ஈயில் முதலில் கண்ட டோல் என்ற மரபணுவின் பெயர்தான் இவற்றுக்கும் வந்தது. மனிதருக்குப் பத்து வகை உண்டு. கிருமியின் வெளிச்சுவரை, அதன் மரபுப்பொருளை அடையாளம் காண்பது இவற்றின் வேலை. 2011ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசின் ஒரு பாதி இந்த வழியைக் கண்டறிந்ததற்காகப் புரூஸ் பாய்ட்லருக்கும் ஜூல்ஸ் ஹாஃப்மனுக்கும் கிடைத்தது.

நம் ஊர் யானைக்கால் புழு வூச்செரேரியா பான்கிராஃப்டி. பெண் புழு நூல் மாதிரி 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். உடம்பில் கசியும் நீரைத் திரும்ப ரத்தத்துக்குக் கொண்டுபோகும் நிணநீர்க் குழாய்க்குள் ஆறேழு வருஷம் உயிரோடு கிடக்கும். அந்தப் புழுவின் உடம்புக்குள்ளேயே வோல்பாக்கியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. அது இல்லாமல் புழுவால் குட்டி போட முடியாது. புழு சாகும்போதும் குட்டிகள் சாகும்போதும் இந்த பாக்டீரியாவும் வெளியே கொட்டுகிறது. அதைத் தொட்டுக் கண்டுபிடிப்பது முக்கியமாக டோல் 2, டோல் 6 என்ற ஏற்பிகள். இந்த டோல் 2 என்ற பெயரை நினைவில் வையுங்கள், கால் கழுவும் இடத்தில் திரும்ப வரும்.

இப்போது எங்கள் முற்றத்துக்கு வருகிறேன். என்னைப் போல் குட்டிகளைச் சுமந்துகொண்டு நோயே இல்லாமல் திரிபவர்களின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வுகளில், அவர்களுடைய வெள்ளையணுக்களில் டோல் ஏற்பிகள் குறைந்திருப்பதும், இருப்பவையும் சுறுசுறுப்பாக வேலை செய்யாததும் தெரிந்தது. இந்த வகை ஆய்வுகளில் முக்கியமான பல, சென்னையில் நம் பக்கத்து நோயாளிகளின் ரத்தத்தை வைத்தே நடந்தவை. அதோடு டி செல்கள் என்ற ஒரு வகை வெள்ளையணுக்களின் மேல் சி.டி.எல்.ஏ 4 என்ற ஏற்பி இவர்களுக்குக் கூடுதலாக இருக்கும். அது பிரேக் மாதிரி, டி செல்லைச் சண்டைக்குப் போகாமல் நிறுத்தும். புழுவும் உடம்பும் சமாதானமாக இருக்கும், கொசு வந்து குட்டிகளை உறிஞ்சி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகும். அந்த மூன்று குட்டிகளைப் பார்த்த ராத்திரியைப் பிறகு நினைத்தபோது இது எனக்கு உறைத்தது. என் தெருவுக்கு நோயைக் கொடுத்தது அக்கா அல்ல, நான்.

அக்காவின் உடம்பு சமாதானத்துக்கு ஒப்பவில்லை. ஏற்பிகள் தொட்டதையெல்லாம் உரக்கச் சொல்லின. வீக்கத்தைக் கூட்டும் பொருள்கள் சுரந்தன. நிணநீர்க் குழாய்களை வளரவும் விரியவும் வைக்கும் வி.இ.ஜி.எஃப் என்ற பொருளும் அதிகமானது. விரிந்த குழாயின் வால்வுகள் சரியாக மூடாது. நீர் மேலே ஏறாமல் காலிலேயே தேங்கும். புழுவோ குட்டியோ அங்கே தங்க முடியவில்லை, அதனால்தான் ரத்தத்தில் இல்லை. சண்டையில் அடிபட்டது அவளுடைய குழாய்கள்.

சித்தப்பாவின் கதை மூன்றாவது. அவர் உடம்பு ஐ.ஜி.இ என்ற எதிர்ப்பொருளை அளவுக்கு மேல் செய்தது. அந்த எதிர்ப்பொருளைப் பிடித்துக்கொள்ளத் தனி ஏற்பிகள் சில வெள்ளையணுக்களில் உண்டு. குட்டிகள் நுரையீரலில் ஒதுங்கும்போதே அங்கே மாட்டிக்கொண்டு அழிக்கப்படும், அந்தக் கலவரத்தில் இருமலும் இழுப்பும் வரும். ஈசினோபில் என்ற வகை வெள்ளையணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு 500க்குள் இருக்க வேண்டியவை 3000க்கு மேல் போகும். ஆஸ்துமா என்று பத்து வருஷம் மருந்து சாப்பிட்டவர், டி.இ.சி. என்ற பைலேரியா மாத்திரையை மூன்று வாரம் சாப்பிட்டதும் ராத்திரி முழுக்கத் தூங்கினார். உங்கள் வீட்டில் ராத்திரியில் மட்டும் இருமுகிற, ஈசினோபில் மிக அதிகமாக உள்ள ஒருவர் இருந்தால் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்.

யாருடைய ஏற்பி எப்படி நடந்துகொள்ளும் என்பதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. டோல் 2 மரபணுவில் உள்ள சிறு வேறுபாடுகளுக்கும் இந்தத் தொற்றுக்கும் உள்ள தொடர்பைத் தாய்லாந்தில் பார்த்திருக்கிறார்கள். தாயின் வயிற்றில் இருக்கும்போதே புழுவின் பொருள்களோடு பழகிய பிள்ளைகளின் உடம்பு, பிறகு புழுவை எளிதில் பொறுத்துக்கொள்வதும் உண்டு. ஆனால் கல்யாணப் பேச்சில் சொல்கிறார்களே, யானைக்கால் பெண்ணைக் கட்டினால் பிள்ளைக்கும் கால் வீங்கும் என்று, அது பொய். கொசு கடித்து, அதன் வழியாகப் புழு ஏறினால்தான் நோய். தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது. அக்காவுக்கு இரண்டு சம்பந்தம் இதனால் போயிற்று. கொசுக்கடிதான் காரணம் என்று நான் அவளிடம் உட்கார்ந்து சொன்ன அன்று, “அப்போ நான் எதுவும் தப்பா செய்யலை, இல்லையா?” என்றாள். நாற்பது வயதில் கேட்டாள். உங்கள் வீட்டில் அவ்வளவு நாள் காக்கவைக்காதீர்கள்.

பரிசோதனை

வீட்டில் ஒருவருக்குக் கால் வீக்கம் இருந்தால் மற்ற எல்லோரும், முக்கியமாக ஒன்றும் இல்லாதவர்கள், ரத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். ராத்திரி ரத்தத் தடவல் ஒரு வழி. இப்போது ஆன்டிஜென் என்ற, புழு ரத்தத்தில் விடும் பொருளைக் காட்டும் பட்டைச் சோதனை உண்டு. அதைப் பகலிலேயே செய்யலாம், பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் எங்கே செய்வார்கள் என்று சொல்வார்கள். எனக்கு வீக்கமே இல்லை, எதற்கு என்று சொல்பவரிடம் ஒன்று சொல்லுங்கள்: புழு இருந்தும் நோய் வெளியே தெரியாதவர்களின் நிணநீர்க் குழாயும் பெரும்பாலும் உள்ளே விரிந்துதான் இருக்கும். அல்ட்ராசவுண்டில் அந்தக் குழாய்க்குள் உயிருள்ள புழு நெளிவதைக்கூடப் பார்க்கலாம்.

டி.இ.சி. மாத்திரை சாப்பிட்ட அன்று சிலருக்கு ஜுரம், தலைவலி வரும். ரத்தத்தில் குட்டி நிறைய உள்ளவர்களுக்குத்தான் அதிகம் வரும். குட்டிகள் கூட்டமாகச் சாக, வோல்பாக்கியா கொட்ட, ஏற்பிகள் அதைத் தொட்டுச் செய்தி அனுப்புகின்றன. மாத்திரை கெட்டது என்று அர்த்தமில்லை. எனக்கு ஒரு ராத்திரி உடம்பு அனலாகக் கொதித்தது, மறுநாள் சரியானது. கர்ப்பிணிகளும், இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளும், கடுமையான நோயில் படுத்திருப்பவர்களும் ஊர் முழுக்கக் கொடுக்கும் அந்த மாத்திரையைச் சாப்பிடக் கூடாது.

கால் கழுவும் முறை

இனி அக்காவின் கால். பழைய வீக்கக் காலில் பெரும்பாலும் புழு செத்துப் போயிருக்கும். அப்படியானால் ஏன் கால் மேலும் மேலும் பெருக்கிறது? நிணநீர் தேங்கிய தோலில் கிருமியை வாரிக்கொண்டு போக ஓட்டம் இல்லை. கால் விரலிடுக்கில் சேத்துப்புண், குதிகாலில் வெடிப்பு, நக ஓரத்தில் கீறல், இவற்றின் வழியாகத் தெருவில் உள்ள சாதாரண பாக்டீரியா நுழைகிறது. பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். அதைத் தொட்டுக் கண்டுபிடிக்கும் ஏற்பிகளில் முக்கியமானது அதே டோல் 2. வோல்பாக்கியாவுக்கு எழுந்த அதே கூச்சல் இப்போது இந்தக் கிருமிக்காக எழுகிறது. யானைக்கால் ஜுரம் என்று நாம் சொல்வது இதுதான். ஒவ்வொரு ஜுரமும் குழாயில் இன்னும் கொஞ்சம் தழும்பு விட்டுப் போகும், கால் ஒரு சுற்றுப் பெருக்கும். நம் ஏற்பிகளை நாம் மாற்ற முடியாது. அவற்றைத் தொட வரும் கிருமியை சோப்பும் தண்ணீரும் வைத்துக் குறைக்க முடியும். நான் பார்த்தவரை இதைவிடப் பலன் தந்த ஒன்று இந்த நோயில் கிடையாது.

அகலமான பிளாஸ்டிக் டப், ஒரு மக்கு, சாதாரண குளியல் சோப்பு, பழைய பருத்தி வேட்டியைக் கிழித்த துண்டுகள், குட்டை நாற்காலி. இவ்வளவு போதும். வெந்நீர் வேண்டாம், குழாய்த் தண்ணீரே சரி. வெளிச்சத்தில் உட்காருங்கள். கழுவுவதற்கு முன் பார்க்க வேண்டும். ஒவ்வொரு விரலிடுக்கையும் பிரித்து, செல்போன் டார்ச் அடித்து, வெள்ளையாக ஊறியிருக்கிறதா, வெடித்திருக்கிறதா, நாற்றம் வருகிறதா என்று பாருங்கள். மடிப்பு விழுந்த தோலையும் விரித்துப் பாருங்கள். பார்வை மங்கியவர்களுக்கு இன்னொருவர்தான் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அது என் வேலை. முதல் நாள் அக்கா கூச்சப்பட்டுப் புடவையால் காலை மூடினாள். ஒரு வாரத்தில் அந்தக் கூச்சம் போய்விட்டது.

முழங்காலில் தொடங்கிப் பாதம் வரை நனையுங்கள். சோப்பைக் கையில் நுரைத்து, கையாலேயே தடவுங்கள். பிரஷ், பீர்க்கங்கூடு, தேய்க்கும் கல் எதுவும் வேண்டாம். தோல் உரிந்தால் அதுவே வாசல். விரலிடுக்கில் துணியைத் திரிபோலச் சுருட்டி மெதுவாக இழுத்துத் துடைக்கலாம். மடிப்புக்குள் விரல் போக வேண்டும். அப்புறம் டப்பில் விழும் தண்ணீர் தெளிவாக வரும் வரை அலசுங்கள். வீங்காத காலையும் கழுவ வேண்டும்.

கழுவுவதைவிடத் துவட்டுவதில்தான் பலர் தவறுகிறார்கள். தேய்க்கக் கூடாது, துணியை வைத்து ஒற்றி எடுக்க வேண்டும். ஒவ்வொரு விரலிடுக்கிலும் காய்ந்த துணியின் ஒரு முனையை வைத்து ஈரத்தை உறிஞ்ச விடுங்கள். ஈரம் நின்றால் சேத்துப்புண் திரும்பி வரும். அக்கா துவட்டிய பிறகு மின்விசிறிக்கு நேரே ஐந்து நிமிஷம் காலை நீட்டி உட்காருவாள். புண் இருந்தால் மருத்துவர் கொடுத்த பூஞ்சைக் களிம்பைத் தடவுங்கள். பச்சிலைச் சாறு, மஞ்சள் பற்று, சுண்ணாம்பு வேண்டாம். ஊரில் ஒருவர் கெட்ட நீர் போகட்டும் என்று பிளேடால் அக்காவின் காலில் கீறிவிட்டார். அந்தக் கீறலில் ஏறிய ஜுரம் பதினோரு நாள் படுக்கையில் போட்டது. யார் சொன்னாலும் கீற விடாதீர்கள்.

தினமும் ஒரு முறை, படுக்கப் போகும் முன். முடிந்தால் காலையிலும். மொத்தமாக இருபது நிமிஷம். பாடலீஸ்வரர் கோயிலுக்கு அக்கா வெறுங்காலோடு போவதை நான் தடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் டப்பில் கால் வைக்க வேண்டும் என்பது மட்டும் எங்களுக்குள் ஒப்பந்தம். மழைக்காலத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2015 மழையில் தெருவில் தண்ணீர் நின்றபோது கழுவ நல்ல தண்ணீர் கிடைக்காமல் ஆறு நாள் விட்டுப்போனது. மூன்று வருஷம் வராத ஜுரம் அந்த மாதம் இரண்டு முறை வந்தது. அதற்கப்புறம் ஐப்பசி பிறந்தால் இரண்டு குடம் நல்ல தண்ணீர் காலுக்கென்று தனியாக மூடி வைக்கிறோம்.

செருப்பு எப்போதும் வேண்டும். வார் தளர்த்திக் கட்டக்கூடியதாக, விரலைக் கவ்வாததாக இருக்கட்டும். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்ட வேண்டாம்.

உட்காரும்போது காலைத் தொங்கவிடாமல் ஒரு ஸ்டூலில் வைக்க வேண்டும். படுக்கும்போது கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து 15 சென்டிமீட்டர் உயர்த்தினால் காலையில் பாதம் இலேசாக இருக்கும். இதய நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இப்படி உயர்த்தக் கூடாது. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, கணுக்காலைச் சுழற்றுவது, ஒரு நேரத்துக்குப் பத்துத் தடவை. கெண்டைச்சதை அழுத்தும்போது தேங்கிய நீர் மேலே ஏறும்.

ஜுரம் வந்த நாளில்

முதல் அறிகுறி நெறி கட்டுவது, அல்லது காலில் ஓரிடம் சிவந்து சுடுவது. அப்புறம் நடுக்கம். அன்று உடற்பயிற்சி இல்லை, மசாஜ் இல்லை, இறுக்கமான கட்டு இல்லை, சூடான ஒத்தடம் இல்லை. சுத்தமான துணியைச் சாதாரணத் தண்ணீரில் நனைத்துக் காலில் போடுங்கள். காலை உயர்த்திப் படுக்க வைத்து, கஞ்சியோ மோரோ நிறையக் குடிக்கக் கொடுங்கள். வலி பொறுத்தால் அன்றும் மெதுவாகக் கழுவலாம். மருத்துவரிடம் அன்றே போய்விடுங்கள், ஆன்டிபயாடிக் தேவையா என்று அவர் பார்க்க வேண்டும். பைலேரியா மாத்திரைதானே என்று வீட்டில் இருக்கும் டி.இ.சி.யை அந்த நாளில் கொடுக்காதீர்கள். இந்த ஜுரம் பாக்டீரியாவால் வந்தது. நினைவு தடுமாறினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, ஒரு நாளில் சிவப்பு மேலே ஏறினாலோ ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

ஆண்களுக்கு இதே புழுவால் விரையில் நீர் கோர்க்கும், ஓதம் என்பார்கள். வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு இருபது வருஷம் இருந்தவர்களை எனக்குத் தெரியும். அதற்கு நல்ல அறுவை சிகிச்சை உண்டு. கூச்சப்படாமல் போகச் சொல்லுங்கள்.

கொசு

இந்தப் புழுவைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு நல்ல தண்ணீரில் வளர்வதில்லை, அழுக்குத் தண்ணீரில்தான் வளரும். புதுச்சேரியில் 1975இல் தொடங்கிய கொசுக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 1981 முதல் 1985 வரை அந்த நகரத்தில் பல வழிகளைச் சேர்த்து இந்தக் கொசுவைக் குறைத்துக் காட்டியது. வீட்டளவில் நாம் செய்யக்கூடியது செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய் வாயில் நைலான் வலையைக் கட்டுவது, மூடியின் இடுக்கைச் சிமெண்ட் வைத்து அடைப்பது, வாசல் சாக்கடையில் குப்பை சேரவிடாமல் ஓடவைப்பது. ஒரு டேங்கிலிருந்து வெளியே வரும் கொசு ஒரு தெருவுக்குப் போதும். வீட்டில் ரத்தத்தில் குட்டி உள்ளவர் யாராவது இருந்தால், சிகிச்சை முடியும் வரை அவர் கண்டிப்பாக வலைக்குள் படுக்க வேண்டும். நான் அப்படித்தான் படுத்தேன்.

கடைசியாக ஒரு நோட்டு வேண்டும். தையல்காரர் டேப்பால் மாதத்தின் முதல் ஞாயிறு, காலையில் எழுந்ததும், நடப்பதற்கு முன் அளவெடுங்கள். பாதத்தின் நடு, கணுக்கால், கணுக்காலுக்கு 10 சென்டிமீட்டர் மேலே, மூன்று இடம். அளக்கும் இடத்தை முதல் முறை மையால் புள்ளி வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு மாதமும் வேறு இடத்தை அளப்பீர்கள். பக்கத்திலேயே அந்த மாதம் எத்தனை ஜுரம் என்று எழுதுங்கள். அளவு குறையப் பல மாதம் ஆகும், ஜுரத்தின் எண்ணிக்கைதான் முதலில் குறையும். அக்காவின் நோட்டில் கழுவத் தொடங்கிய முதல் வருஷம் ஐந்து ஜுரம், இரண்டாம் வருஷம் இரண்டு, மூன்றாம் வருஷம் ஒன்று. கணுக்கால் அளவு நான்காம் வருஷம்தான் 2 சென்டிமீட்டர் இறங்கியது. அன்று சாயங்காலம் அக்கா பெட்டியிலிருந்து பழைய கொலுசை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். ஏறவில்லை. துணியில் சுற்றித் திரும்ப வைத்துவிட்டு, டப்பில் தண்ணீர் பிடிக்கப் போனாள்.